எலும்பு கூடிவிட்டது, அம்மா ஏன் நடக்கவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா காலமான பிறகு மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை எடுத்து வந்தார். நான்கு மாதங்களுக்கு முன் இரவில் கழிப்பறை செல்ல எழுந்தபோது விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக மருத்துவர் எக்ஸ்-ரேயைக் காட்டிச் சொல்கிறார். ஆனால் அம்மா கட்டிலை விட்டு எழ மறுக்கிறார். சரியாகச் சாப்பிடுவதும் பேசுவதும் இல்லை. விழுந்ததற்கு மனநல மாத்திரைகளே காரணம், உடனே நிறுத்துங்கள் என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா? – ஒரு வாசகி

பதில்: மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மருந்தைத் திடீரென விட்டால் தலைசுற்றலும் தடுமாற்றமும் வரக்கூடும். சில வகைத் தூக்க மாத்திரைகளை நாள்பட எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

உறவினர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. தூக்க மாத்திரையின் மயக்கம் நள்ளிரவில் எழுபவரைத் தள்ளாட வைக்கும். பழைய வகை மனச்சோர்வு மருந்துகள், எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சட்டென இறங்கக் காரணமாகலாம். இன்று பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் முதியவர்களுக்கு, அதிலும் தொடங்கிய முதல் சில வாரங்களில், இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தை உண்டாக்குவதுண்டு. ஆனால் பழி முழுவதையும் மாத்திரையின் மேல் போடுவது நியாயமல்ல. மனச்சோர்வுள்ளவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. நெடுநாள் மனச்சோர்வில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, புதிய எலும்பை உருவாக்கும் செல்களின் வேலையை மந்தமாக்கக்கூடும். பசியின்றி, வெயில் படாமல், ஓர் அறைக்குள்ளேயே கிடப்பவருக்குத் தசை வலுவும் வைட்டமின் டி-யும் சேர்ந்தே குறைகின்றன. துணையை இழந்த பின் உங்கள் தாயார் எப்படி இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இரவுக்கு வெகு முன்பே அவருடைய எலும்பு பலவீனப்படத் தொடங்கியிருக்கலாம்.

இப்போது அவர் எழ மறுப்பதற்கு வலியா, மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சமா, மனச்சோர்வா என்பதை எக்ஸ்-ரே சொல்லாது. கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் காலை ஊன்றச் சொல்லுங்கள். முகம் சுளித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டால் வலி மிச்சமிருக்கிறது. அப்படியானால் எலும்பு மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் கையைப் பற்றியிருக்கும் வரை நின்று, விட்டதும் உட்கார்ந்துவிட்டால் அச்சம். அது தினமும் சில அடிகளாக, வாக்கரோடும் பிசியோதெரபிஸ்ட்டோடும் நடந்துதான் விலகும். எழுந்து என்ன ஆகப்போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனச்சோர்வுக்கான சிகிச்சை போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் மூன்றும் பின்னியே இருக்கும். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்பதுபோல் அவர் பேசினால் வயதானவர் புலம்பல் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலும்பு மருத்துவர் எழுதிய சீட்டை மனநல மருத்துவரும், மனநல மருத்துவர் எழுதியதை எலும்பு மருத்துவரும் பார்க்காமலே போவது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். ஆகவே இரத்த அழுத்த மாத்திரை உட்பட அவர் உட்கொள்ளும் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் மருந்துகளை மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். சோடியம் அளவையும் பார்க்கட்டும். தூக்க மாத்திரையை விடுவதென்றால் அந்த மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறையட்டும். முறிந்த இடம் கூடியதாலேயே, எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் தீர்ந்துவிடாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் அந்த நோய்க்கான சிகிச்சையும் பலருக்கு விட்டுப்போகின்றன, உங்கள் தாயாருக்கு அப்படி ஆகவேண்டாம்.

கேள்வி: இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு என் தந்தை செவிலியரைத் திருடி என்றார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி ஊசிக் குழாயைப் பிடுங்கினார். பகலில் அரைத் தூக்கத்தில் கிடக்கிறார். மனநோய் வந்துவிட்டதா? – ஒரு வாசகர்

பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாகவே இருக்கும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, அடங்காத வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீரிழப்பு, புதிய மருந்து என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும்படி பணி மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவித்துவிடுங்கள். இரவில் வீட்டார் ஒருவர் அருகிலிருந்து, இது மருத்துவமனை, இன்று இன்ன நாள் என்று நிதானமாகச் சொல்லட்டும். கையைக் கட்டிப்போடுவது பதற்றத்தை மேலும் கூட்டும். அவர் சொல்வதை மறுத்து வாதாடவும் வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில் தெளிவு திரும்பும். வீட்டுக்கு வந்து மாதங்கள் கழிந்தும் மறதி நீடித்தால் நினைவாற்றல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.