குளிர் நாட்டுக்குக் குடும்பத்தோடு போன மிஷனரிகள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஒரே ஒரு குடும்பத்தைச் சொல்லச் சொன்னால் நான் கிரீன்லாந்துக்குப் போன ஹான்ஸ் எகெடேயைத்தான் சொல்வேன். நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் போதகராக இருந்தவர், 1721இல் மனைவி கெர்ட்ரூட், நான்கு பிள்ளைகளுடன் கப்பலேறினார். தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவை அனுப்பிய அதே டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் ஆதரவுதான் இவருக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிரீன்லாந்துக்குப் போன நார்ஸ் குடியேறிகளின் வாரிசுகளைத் தேடிப் போனார், ஆனால் அங்கே இருந்தவர்கள் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள்.

சரி, மொழி? பெரியவர் திணறினார், பிள்ளைகளோ இன்யூட் குழந்தைகளோடு விளையாடியே பேசப் பழகிவிட்டார்கள். மூத்த மகன் பால் வேதாகமக் காட்சிகளைப் படமாக வரைந்து கொடுக்க, அதைக் காட்டித்தான் அப்பா கதை சொன்னார்.

இதில் எல்லோரும் மறந்துவிடுவது கெர்ட்ரூடை. முதல் குளிர்காலம் முடிந்தும் சரக்குக் கப்பல் வராமல், உடன் வந்தவர்கள் ஊருக்குத் திரும்பத் துடித்தபோது, போகக்கூடாது என்று உறுதியாக நின்றவர் அவர்தான், கப்பலும் வந்து சேர்ந்தது. 1733இல் டென்மார்க்கிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனோடு பெரியம்மை வந்தது, அதை எதிர்க்கும் சக்தி உள்ளூர் மக்களின் உடம்பில் கொஞ்சமும் இல்லாததால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நோயாளிகளைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார் கெர்ட்ரூட். 1735இல் அவரும் இறந்தார்.

எகெடே ஒன்றும் குறையற்றவர் அல்ல, உள்ளூர் மந்திரவாதிகளை அடித்ததும் உண்டு, அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. மறுவருடம் மனைவியின் உடலோடு கோபன்ஹேகன் போய்விட்டார். அப்புறம் வேலையைத் தொடர்ந்தது மகன் பால்தான், புதிய ஏற்பாடு முழுவதும் கிரீன்லாந்து மொழியில் 1766இல் வெளிவந்தது அவரால்தான்.