எந்த முழங்கால், எந்தத் தேதி?

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன கோடையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுப்பாதையில் தினமும் நடந்தேன். அப்புறம் எட்டு மாதமாக முழங்கால் வலி, அசதி, தலைபாரம். உண்ணி கடித்து வருகிற லைம் நோய் என்று சந்தேகம். இரண்டு முறை ரத்தம் சோதித்தார்கள், இரண்டும் நெகட்டிவ். ஒரு தனியார் இடத்தில் சிறுநீரைச் சோதித்து ‘இருக்கிறது’ என்றார்கள். தம்பி சென்னையிலிருந்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அனுப்புகிறான், சாப்பிட்டு வருகிறேன். எதை நம்புவது? பத்தியம் உதவுமா? கணவர்கூட மனப்பிரமை என்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் வலி உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தியத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் ஆன்டிபயாடிக் விழுங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. படித்தவர் நீங்கள்! 2001இல் வந்த ஓர் ஆய்வில், லைம் வந்து சிகிச்சையும் முடிந்த பிறகு உபாதை தீராதவர்களுக்கு 90 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் தேறிவிடவில்லை. நோய் உறுதியானவர்களுக்கே அந்தக் கதி. சிறுநீர்ப் பரிசோதனையை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமே ஏற்பதில்லை. உண்ணி கடித்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது, ரத்தச் சோதனை தேடுவது அதைத்தான்) போதுமான அளவு உருவாகியிருக்காது, அப்போது நெகட்டிவ் வந்தால் நம்ப முடியாது. எட்டு மாதம் கழித்தும் நெகட்டிவ் என்றால் டாக்டர் வேறு காரணம் தேடுவதுதான் நியாயம். தைராய்டைச் சோதிக்கலாம் என்று அவர் சொன்னால் உங்களை நம்பவில்லை என்று அர்த்தமில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது பாலி முர்ரேயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூர்க்காரர். அவருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வீக்கம் என்று மாற்றி மாற்றி வந்தது. அவரையும் மனக்கோளாறு என்றுதான் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன என்றும் விசாரித்துப் பட்டியல் போட்டார். 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டார், இன்னொரு தாயும் கூப்பிட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த இளம் டாக்டர் ஆலன் ஸ்டீர் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கினார். கசகசா அளவுள்ள உண்ணிக்குஞ்சு பரப்பும் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்து 1982இல் வெளியிட்டார். ஒரு தாயின் குறிப்பு இல்லாவிட்டால் இதெல்லாம் இன்னும் எத்தனை காலம் இழுத்திருக்குமோ.

நம் வீட்டுப் பெண்கள் ஏன் எழுதி வைப்பதில்லை? என் அம்மா அடுப்படியில் நின்று ‘மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பார். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், ‘கொஞ்சம் வலி சார், வேற ஒண்ணுமில்ல.’ எப்போதிருந்து என்று கேட்டால், ‘ரொம்ப நாளா.’ பக்கத்தில் நிற்கும் எனக்கு அழுகை வரும். அவர் சீட்டெழுதி அனுப்பிவிடுவார். நீங்களும் எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன்). அதில் எந்த முழங்கால் என்று இல்லை. வீங்கியதா என்று இல்லை. வெறும் வலி வேறு, வீக்கம் வேறு. லைம் மூட்டுக்கு வந்தால் பெரும்பாலும் முழங்கால் நன்றாகவே வீங்கும், அந்த நீரை எடுத்துச் சோதிக்கலாம். தடிப்பு ஏதாவது பார்த்தீர்களா? காய்ச்சல் எந்த வாரம்? மாத்திரை தொடங்கியது எப்போது? ஒரு தேதிகூட இல்லையே அம்மா.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். மொபைலில் வேண்டாம், டாக்டர் புரட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். வீங்கினால் அன்றே போட்டோ எடுங்கள். அடுத்த முறை போகும்போது தம்பி அனுப்பிய மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய் அவர் மேஜையில் வையுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போங்கள், உட்கார்ந்து கேட்கட்டும்.