இரண்டு ஆய்வகங்கள், இரண்டு எண்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஒரே மாதிரியை நன்றாகக் கலந்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். ஈயத்தின் அளவு கிலோவுக்கு 0.81 மில்லிகிராம் என்கிறது ஓர் அறிக்கை; 1.18 என்கிறது மற்றொன்று. இரண்டுமே அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள். உலகெங்கும் இத்தனை வேதியியல் சங்கங்கள் கூடிக் கூடிப் பேசியும் நிலைமை இதுதானா?
– தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஊழியர் ஒருவர்

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்தின் மீதும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1884-இல் வேளாண் வேதியியலாளர்களின் சங்கமாகத் தொடங்கி, இன்று ஏஓஏசி இன்டர்நேஷனல் என்று அறியப்படும் அமைப்பு, ஒரு பகுப்பாய்வு முறையை ஏற்பதற்கு முன் ஒரே பொருளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதை நெடுங்கால வழக்கமாகக் கொண்டிருக்கிறது. அப்படிக் குவிந்த முடிவுகளை வில்லியம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டபோது, யாரும் எதிர்பாராத ஓர் ஒழுங்கு அதில் தென்பட்டது. சோதிக்கப்பட்ட பொருள் எதுவாக இருந்தாலும், கையாண்ட முறை எதுவாக இருந்தாலும், தேடப்படும் சேர்மத்தின் செறிவு குறையக் குறைய ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் ஏறக்குறைய ஒரே கணக்கில் கூடிக்கொண்டு போயிற்று. செறிவு நூறு மடங்கு குறைந்தால் சிதறல் இரண்டு மடங்காகும். நூற்றில் ஒரு பங்கு இருக்கும் பொருளுக்கு ஒப்புத் திட்டவிலக்கம், அதாவது சிதறலைச் சராசரியின் விழுக்காடாகச் சொல்லும் எண், சுமார் 4 விழுக்காடு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு 16 விழுக்காடு.

உங்கள் மாதிரியில் உள்ள ஈயம் ஏறத்தாழ இந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற இடத்தில்தான் நிற்கிறது. இரண்டு ஒற்றை முடிவுகளின் வேறுபாட்டுக்குப் புள்ளியியல் தரும் பெருக்கெண் 2.8; 16-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 45 விழுக்காடு வரும். அதன் பொருள், முறையாக நடக்கும் இரண்டு ஆய்வகங்கள் தலா ஒருமுறை அளந்தால், இருபதில் பத்தொன்பது முறை அவற்றின் வேறுபாடு கிலோவுக்கு 0.45 மில்லிகிராமுக்குள் அடங்கும் என்பதுதான். உங்களுடைய வேறுபாடு 0.37. வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. சட்ட வரம்பு சரியாக 1.0 என்று இருக்குமானால் கவலைப்படுவதற்கு மட்டும் நிறையவே உண்டு.

சங்கங்களின் ஒத்துழைப்பு நேராகப் பயன்படுவது இங்கேதான். ஒரு முறை எவ்வளவு சிதறும் என்பதை நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு மேற்கண்ட விடையைக்கூடச் சொல்ல முடியாது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுபிஏசியும், பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவும், ஏஓஏசியும் சேர்ந்து 1980-களின் இறுதியில், ஒரு முறையைப் பல ஆய்வகங்களில் சோதிக்கும் கூட்டாய்வுக்கான பொது நெறிமுறை ஒன்றை உருவாக்கி, 1995-இல் அதைத் திருத்தி வெளியிட்டன. குறைந்தது ஐந்து வகை மாதிரிப் பொருள்கள் வேண்டும். ஏற்கத்தக்க முடிவுகளைத் தந்த ஆய்வகங்கள் எட்டுக்குக் குறையக் கூடாது. இவற்றைவிட எனக்குப் பிடித்த விதி வேறொன்று: ஒட்டாத முடிவு தந்த ஆய்வகங்களைப் புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்தி விலக்கலாம், ஆனால் ஒன்பதில் இரண்டுக்கு மேல் விலக்கக் கூடாது. அதற்கு மேலும் விலக்க வேண்டியிருந்தால் குறை ஆய்வகங்களில் இல்லை, முறையில்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். தமக்கு வேண்டாத எண்ணை அடித்துவிடும் ஆசை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருந்ததால்தான், அதற்கு எல்லா நாட்டிலும் செல்லும் ஒரு கடிவாளம் தேவைப்பட்டது.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது, இரண்டு ஆய்வகங்களிடமும் அளவீட்டு நிச்சயமின்மையை, அதாவது முடிவோடு சேர்த்துத் தர வேண்டிய கூட்டல்-கழித்தல் எண்ணைக் கேட்பது. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கும் பொதுக் கையேடு உண்டு. 1989-இல் தோன்றிய யூராகெம் என்ற ஐரோப்பிய வலையமைப்பு அதன் முதற்பதிப்பை 1995-இல் கொண்டுவந்தது. பின்னர் 1993-இல் உருவான சிடாக் என்ற பன்னாட்டு அமைப்பும் உடன்சேர, 2000-இலும் 2012-இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. ஒரே பொருளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி அவற்றின் திறனை மதிப்பிடும் தகுதிச் சோதனையில் அவை பெற்ற மதிப்பெண்ணையும் கேளுங்கள். இசட் மதிப்பு எனப்படும் அது, ஆய்வகத்தின் முடிவு ஏற்கப்பட்ட மதிப்பிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும்; கூட்டலோ கழித்தலோ 2-க்குள் இருந்தால் நிறைவு. 3-ஐத் தாண்டினால் அந்த ஆய்வகம் தன் நடைமுறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இத்தகைய பன்னாட்டு ஒத்துழைப்பு அறிவியல் ஆர்வத்தால் பிறந்ததா, வணிகத்தால் பிறந்ததா?
– முதுநிலை வேதியியல் மாணவி

பதில்: இரண்டாலும்தான், ஆனால் முந்திக்கொண்டவற்றில் ஒன்று சர்க்கரை. சர்க்கரை ஆய்வுக்குச் சீரான முறைகளை வகுப்பதற்கான பன்னாட்டு ஆணையம் 1897-இல் ஹாம்பர்க் நகரில் அமைக்கப்பட்டது. ஒரு கப்பல் சர்க்கரைக்கு விலையும் தீர்வையும், கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்பதைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் முனைவாக்கமானி காட்டும் அளவைப் பொறுத்தே நிர்ணயிக்கப்பட்ட காலம் அது. ஏற்றிய துறைமுகத்து வேதியியலாளரும் இறக்கிய துறைமுகத்து வேதியியலாளரும் அரை விழுக்காடு வேறுபட்டால் போதும், வழக்கு மன்றம் வரை போகும்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கரைசல் தயாரிக்க 26.048 கிராம் சர்க்கரையை 100 மில்லிலிட்டராகக் கரைக்க வேண்டும் என்பது ஒரு பழைய முறை. ஆனால் அதிலுள்ள மில்லிலிட்டர் நாம் அறிந்த மில்லிலிட்டர் அன்று. 17.5 பாகை செல்சியசில், காற்றில் எடைபோட்ட ஒரு கிராம் நீர் அடைத்துக்கொள்ளும் இடமே அது. பிரீடரிக் மோர் என்ற ஜெர்மானியர் வழக்கில் கொண்டுவந்த இந்த அளவு, உண்மையான மில்லிலிட்டரைவிட ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் பெரியது. மோர் குடுவையை வைத்திருந்தவரும் மெட்ரிக் குடுவையை வைத்திருந்தவரும் ஒரே எடையைப் போட்டு, ஒரே கோடு வரை நீர் ஊற்றி, தத்தம் வழியில் ஒரு தவறும் செய்யாமல், வெவ்வேறு விடை பெற்றார்கள். 26.000 கிராம், 20 பாகை, உண்மையான 100 மில்லிலிட்டர் என்று ஆணையம் வரையறுத்த பிறகே அந்தச் சச்சரவு ஓய்ந்தது. சர்க்கரைச் சந்தையில் இன்றும் நிறத்துக்கு வழங்கும் இகும்சா எண் இந்த ஆணையத்தின் பெயர்ச்சுருக்கம்தான்.

அறிவியல் பக்கத்திலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அணு எடைகளைப் பற்றிய தகராறு முற்றியிருந்தது. அடிப்படை அளவாக ஹைட்ரஜனை 1 என்று கொள்வதா, ஆக்சிஜனை 16 என்று கொள்வதா? ஜெர்மன் வேதியியல் சங்கம் பிற நாட்டுச் சங்கங்களை அழைத்ததன் விளைவாக 1899-இல் அணு எடைகளுக்கான பன்னாட்டுக் குழு உருவாயிற்று. ஆக்சிஜன் வென்றது, ஆனாலும் வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையை 16 என்றும், இயற்பியலாளர்கள் அதன் ஓர் ஐசோடோப்பை மட்டும் 16 என்றும் கொண்டதால், பத்தாயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான வேறுபாட்டோடு இரண்டு அளவுகோல்கள் பல ஆண்டுகள் அருகருகே வழங்கின. இரு தரப்பும் தத்தம் ஆக்சிஜனை விட்டுவிட்டுக் கார்பன்-12-க்கு மாறியது 1961-இல்தான்.

போர்களும் குறுக்கிட்டன. 1911-இல் வேதியியல் சங்கங்கள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுக் கழகம் முதல் உலகப் போரோடு முடிந்துபோனது. 1919-இல் அதன் இடத்தில் பிறந்த ஐயுபிஏசி, வேதியியலில் அன்று முன்னணியில் இருந்த ஜெர்மனியைச் சுமார் பத்து ஆண்டுகள் வெளியே நிறுத்தி வைத்திருந்தது. பனிப்போர்க் காலத்தில் சங்கங்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டன என்றே சொல்வேன். 1970-இல் தோன்றிய ஐரோப்பிய வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய யூரோஅனாலிசிஸ் என்ற பகுப்பாய்வு வேதியியல் மாநாடு 1972-இல் ஹைடல்பர்கில் தொடங்கி, இரும்புத்திரைக்கு அப்பாலிருந்த நகரங்களான புடாபெஸ்டில் 1975-இலும் கிராக்கோவில் 1984-இலும் கூடியது.

கேள்வி: "இந்தக் கருவியின் உணர்திறன் நூறு கோடியில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதக் கூடாது என்று ஆய்வு வழிகாட்டி அடித்துவிட்டார். விற்பனைக் கையேட்டில் அப்படித்தானே இருக்கிறது?
– ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: வழிகாட்டி சொன்னதே சரி. நீங்கள் குறிப்பிட நினைத்தது கண்டறிவு வரம்பு, அதாவது ஒரு பொருள் இருக்கிறது என்று நம்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு. உணர்திறன் என்பது செறிவு மாறும்போது கருவியின் காட்டலில் ஏற்படும் மாற்றத்துக்கும் அந்தச் செறிவு மாற்றத்துக்கும் உள்ள விகிதம். செறிவுக்கு எதிராகக் கருவியின் காட்டலை வரையும் அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வு என்று சுருக்கமாகச் சொல்லலாம். சாய்வு மிகச் செங்குத்தாக இருந்தும் இரைச்சல் மிகுந்த கருவிக்குக் கண்டறிவு வரம்பு மோசமாகவே இருக்கும். விற்பனைக் கையேடுகள் இரண்டையும் குழப்புவது பழைய நோய்.

இத்தகைய சொற்களை வரையறுப்பதற்கென்றே ஐயுபிஏசியின் பகுப்பாய்வு வேதியியல் பிரிவு, அட்டை நிறத்தால் ஆரஞ்சுப் புத்தகம் என்று அழைக்கப்படும் தொகுப்பை வெளியிடுகிறது. முதற்பதிப்பு 1978-இல் வந்தது, மூன்றாவது 1998-இல், நான்காவது 2023-இல். மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலான இருபத்தைந்து ஆண்டு இடைவெளியைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. கண்டறிவு வரம்பு என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தேடும் பொருள் இல்லாத வெற்று மாதிரியின் திட்டவிலக்கத்தைப் போல் மூன்று மடங்கு என்ற எளிய விதி ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. அது இல்லாததை உண்டு என்று சொல்லும் பிழையிலிருந்து மட்டுமே காக்கிறது, இருப்பதை இல்லை என்று சொல்லும் பிழையிலிருந்து காக்கவில்லை என்று லாய்டு கியூரி என்ற அமெரிக்க வேதியியலாளர் 1968-இலேயே எடுத்துக்காட்டினார். இரு பிழைகளையும் கணக்கில் கொண்ட அவருடைய பார்வை ஐயுபிஏசியின் பரிந்துரையாக வெளிவந்தது 1995-இல்.

தமிழில் நமக்கு வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பதையும், திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே எண் வருவதையும் பேச்சு வழக்கில் "துல்லியம்" என்றே சொல்லிவிடுகிறோம். பாடநூல்கள் முன்னதைத் துல்லியத்தன்மை என்றும் பின்னதை நுட்பம் என்றும் பிரித்துத் தருகின்றன. உங்கள் ஆய்வேட்டில் அந்தப் பிரிவைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: பிஎச் மதிப்புக்கும் இரண்டு அளவுகோல்கள் இருந்தனவாமே, உண்மையா?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: உண்மை. 1909-இல் டென்மார்க் வேதியியலாளர் சோரென்சன் அறிமுகப்படுத்திய இந்த அளவுக்குப் பிரித்தானிய மரபு ஒரே ஒரு தரக் கரைசலை, அதாவது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டுக் கரைசலை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க மரபு பல தரக் கரைசல்களைக் கொண்டது. 1980-களில் ஐயுபிஏசி இரண்டையும் ஒரே ஆவணத்தில் ஏற்றுக்கொண்டு சமரசம் செய்தது. ஒற்றை வரையறை 2002-இல்தான் வந்தது. வகுப்பறையில் நீங்கள் காணும் ஒரு தசம இடம் வரையிலான மதிப்புகளை இந்த வேறுபாடு அசைக்காது.

கேள்வி: ஒரு நாடோ ஆய்வகமோ இந்தப் பரிந்துரைகளைப் பின்பற்றாவிட்டால் என்ன செய்வார்கள்?
– வழக்கறிஞர் ஒருவர்

பதில்: ஒன்றும் செய்ய மாட்டார்கள், செய்வதற்கு அவர்களிடம் அதிகாரமும் இல்லை. பரிந்துரை பிறர் கைக்குப் போகும்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. 1999-இல் வெளிவந்து 2005-இலும் 2017-இலும் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற தரநிலை, ஆய்வகம் தன் நிச்சயமின்மையை மதிப்பிட்டாக வேண்டும் என்கிறது. அங்கீகாரம் வழங்கும் அமைப்பு அதைத் தணிக்கை செய்கிறது. அங்கீகாரம் இல்லாத அறிக்கையைச் சுங்கத்துறையோ நீதிமன்றமோ ஏற்க மறுக்கலாம். சங்கத்தின் சிறு குழு எழுதிய வாசகம் இப்படி மூன்று கை மாறி உங்கள் மேசைக்குச் சாட்சி ஆவணமாக வந்து சேர்கிறது.

கேள்வி: சங்கங்கள் தங்கள் ஆய்விதழ்களை ஒன்றாக்கிவிட்டதால் மொழிகளுக்கு இழப்பு ஏற்படவில்லையா?
– ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர்

பதில்: ஏற்பட்டது. 1862-இல் பிரெசீனியஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஜெர்மன் மொழியில் தொடங்கிய இதழ், பகுப்பாய்வு வேதியியலுக்கென்றே வெளிவந்த முதல் இதழாகக் கருதப்படுகிறது. 2002-இல் அதுவும், பிரெஞ்சு இதழான அனாலூசிசும், ஸ்பானிய இதழான கிமிக்கா அனலித்திக்காவும் இணைந்து ஒரே ஆங்கில இதழாயின. தனித்தனியே நின்றிருந்தால் அவை மெலிந்து மறைந்திருக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் ஒரு கருத்தைத் தன் மொழியில் எழுதிப் பார்க்கும்போது வெளிப்படும் ஐயங்கள் பிறமொழியில் எளிதில் ஒளிந்துகொள்கின்றன. உணர்திறனைப் பற்றிய மேற்கண்ட கேள்வியே அதற்குச் சான்று.

கேள்வி: சிறிய ஆய்வகத்தில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் இதில் பங்கெடுக்க வழி உண்டா?
– ஆய்வக உதவியாளர்

பதில்: உண்டு. ஐயுபிஏசியின் பரிந்துரைகள் இறுதியாக்கப்படும் முன் வரைவாக வெளியிடப்பட்டுச் சில மாதங்கள் கருத்துக்குத் திறந்திருக்கும்; கருத்துச் சொல்ல எந்தப் பதவியும் தேவையில்லை. ஒரு வரையறை உங்கள் அன்றாட வேலையில் எங்கே இடறுகிறது என்பதை, மாதிரியின் தன்மை, செய்முறை, கிடைத்த எண் ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஆய்வகம் தகுதிச் சோதனைச் சுற்றுகளில் சேராமல் இருந்தால் முதலில் அதில் சேரும்படி மேலாளரிடம் கேளுங்கள். அனுப்பும் கருத்தோடு இணைப்பதற்கு உங்களுடைய சொந்த எண்கள் அப்போது கையில் இருக்கும்.