அப்பாவை எப்படி நடக்க வைப்பது?

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார், அப்பா இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்களின் சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும்: தானே தேர்ந்தெடுத்த உணர்வு, முடிகிறது என்ற தெம்பு, மனிதர்களோடு ஒட்டுதல். 1971இல் டெசி வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவிக்கக் காசு வாங்கிய மாணவர்களுக்கு, காசு நின்றதும் ஆர்வம் குறைந்தது. பயமுறுத்தி நடக்க வைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ரிப்போர்ட்டில் சர்க்கரை இறங்கியதும் ஷூ மூலைக்குப் போய்விடும்.

அதனால் "இன்னைக்கு நடந்தீங்களாப்பா?" என்று விசாரணை வேண்டாம். காலையா மாலையா, பூங்காவா மொட்டை மாடியா, அவரே முடிவு செய்யட்டும். முதலில் பத்து நிமிடம் போதும். அப்புறம், பேச்சுத்துணைக்கு அவருடைய நண்பர் ஒருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு அதுதான் பெரிய பிடிப்பு.