டிவியில் பார்க்காமல், போனில் ஸ்கோர் மட்டும் பார்ப்பவரைக் கோல்ஃப் ரசிகர் என்று சொல்லலாமா?

மட்டை பிடித்ததில்லை, ஆட்டத்தை டிவியில் பார்ப்பதுமில்லை, ஸ்கோர் பட்டியல் மட்டும்தான் பார்க்கிறேன், நான் ரசிகனா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்னையும் சொன்னார்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன். நீங்கள் ரசிகர்தான்.

கோயம்புத்தூர் மாவட்டம் சோமனூர் பக்கம் எங்களுக்குத் தறிக்குடோன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, வர்ணனைக்கு எங்கே போவது? கிரிக்கெட் என்றால் தறியில் நூல் தார் மாற்றிவிட்டு வருவதற்குள் ரெண்டு விக்கெட் போயிருக்கும். கோல்ஃபில் ஒரு குழியை முடிக்கவே கால் மணி நேரம் ஆகிவிடும். பாவு இழை அறுந்தால் நிதானமாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்து பார்க்கலாம். அமெரிக்காவில் காலையில் தொடங்கும் ஆட்டம் நமக்குச் சாயங்காலம் தொடங்கி விடியவிடிய ஓடும். நைட் ஷிஃப்டுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் 'பார்'. மொத்தத்தில் அதைவிட எத்தனை அடி குறைவு என்பதுதான் மைனஸ். பட்டியலில் பெயரையும் மைனஸ் எண்ணையும் மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. 'த்ரூ' என்று ஒரு கட்டம் இருக்கும், எத்தனை குழி முடித்திருக்கிறார் என்பது அதில்தான். மைனஸ் 9-ல் ஆட்டத்தை முடித்தவரும், மைனஸ் 9-ல் இன்னும் ஆறு குழி பாக்கி வைத்திருப்பவரும் ஒன்றல்ல. பெயரைத் தொட்டால் குழிவாரியாக விரியும். வட்டம் போட்டிருந்தால் பேர்டி, பாரைவிட ஓர் அடி குறைவு. சதுரம் போட்டிருந்தால் போகி, ஓர் அடி கூடுதல். இரட்டைச் சதுரம் என்றால் இரண்டு அடி கூடுதல்.

2025 மாஸ்டர்ஸ் கடைசி நாள் நமக்குச் சித்திரை ஒன்றுக்கு முந்தின ராத்திரி. வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய்க்கு, கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஜெயிக்கப் பாக்கி இருந்தது இது ஒன்றுதான். 2014-க்குப் பிறகு பெரிய பட்டம் எதுவும் இல்லை. அம்மா கண்ணாடி, பழம், நகை, பணம் எல்லாம் வைத்துக் கனி அலங்கரித்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் போனோடு திண்ணையில். பத்தாவது குழி முடிந்தபோது ரோரி மைனஸ் 14. இனி என்ன, முடிந்தது என்று நினைத்தேன். பதினொன்றில் ஒரு சதுரம். பதின்மூன்றாவது குழி பார் ஐந்து. கட்டத்தில் 7 விழுந்தது, சுற்றிலும் இரட்டைச் சதுரம். பந்து ஓடையில் விழுந்ததெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்கு அந்த 7 மட்டும்தான், வயிற்றைப் பிசைந்தது. அடுத்த குழியில் மறுபடியும் சதுரம். பதினைந்தில் வட்டம், பதினேழில் வட்டம், பதினெட்டில் சதுரம். ஜஸ்டின் ரோஸ் அன்றைக்கு 66 அடித்து மைனஸ் 11-ல் உட்கார்ந்திருந்தார். ரோரியும் அதே 11. சமன் என்பதால் பிளேஆஃப், இருவரும் மறுபடியும் ஒரு குழி ஆட வேண்டும்.

அம்மா எழுந்து வந்து, "ஏங்கண்ணு, இன்னும் தூங்கலையா? போனைப் பார்த்துட்டா கனி பார்ப்பாங்க?" என்றார். "ரெண்டு நிமிஷம் இரும்மா" என்றேன். ரோரி பேர்டி, பட்டம் அவருக்கு. அந்தத் திண்ணையில் கத்தியிருக்கிறேன், நாய் எல்லாம் குரைத்தது. இதை ரசிப்பு இல்லை என்று யாராவது சொல்லட்டும்.

எண்ணைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கீழே கமெண்டில் ஒருவர் கேட்பார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் பார்வையாளர்கள் போன் கொண்டுபோகவே அனுமதி இல்லை. மைதானத்தில் நிற்பவர்களுக்கும், அடுத்த குழியில் என்ன நடக்கிறது என்பதை ஆள் வைத்து எண் மாற்றும் பலகைதான் சொல்கிறது. பலகையில் எண் மாறினால் அங்கே கூட்டமே ஆர்ப்பரிக்கும். அவர்கள் ரசிகர்கள் என்றால் நாமும்தான். பணக்காரன் விளையாட்டு என்பார் இன்னொருவர். செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை, அது உண்மை. ஸ்கோர் பார்க்க உறுப்பினர் அட்டை வேண்டியதில்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக், 2021 ஆகஸ்ட் 7. மூன்று நாள் முடிவில் இரண்டாம் இடம். கடைசியில் மைனஸ் 15-ல் நான்காவது, வெண்கலம் ஒரே ஒரு அடியில் போயிற்று. மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளாக (caddie) அம்மாவையே வைத்துக்கொண்டு ஆடிய பெண். அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கினார், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் பேக்கரியில் அந்தப் பெண் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் ஓர் அடி அதிகம் அடித்தால் உடனே சோமனூர் வரைக்கும் எண் மாறுகிறது. எங்களுக்குப் பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்பவரிடம், பேசி முடித்த கூலி உயர்வு நோட்டில் ஏற வருஷக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. கரண்ட் பில் மட்டும் சொன்ன தேதியில் ஏறிவிடும்.

சரி, உங்களுக்கு ஒன்று. அடுத்த மாஸ்டர்ஸில், நான்கு நாள் ஆட்டத்தின் இரண்டாவது நாளான வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் இடத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், ஐம்பதாவது இடத்தைப் பாருங்கள். அந்த இடம் வரைக்கும் உள்ளவர்களும், அவர்களோடு சமமாக நிற்பவர்களும்தான் சனிக்கிழமை ஆடுவார்கள். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்குகிறவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் குழி வரை கூடவே போங்கள்.