501-வது யூனிட்: கரண்ட் பில் கேள்வி பதில்

முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்தவன், கடைசி சில வருடம் பில் கணக்கில் உட்கார்ந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பு மட்டும்தான் என் எல்லை. கணக்கெல்லாம் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி போடுகிறேன். கட்டணம் மாறினால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், போடும் விதம் அதேதான்.

கவிதா, மடிப்பாக்கம்: சார், போன தடவை 492 யூனிட், 1,755 ரூபாய். இந்தத் தடவை 508 யூனிட், 2,107 ரூபாய். 16 யூனிட்டுக்கு 352 ரூபாயா? மீட்டர் கோளாறா?

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, அம்மா. நீங்கள் 500-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் போனால் வேறு கணக்கு. 500-க்குள் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. முழுசாக 500 ஓடினால் 1,805 ரூபாய். 501 ஆன அந்த நொடியில் 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 100 யூனிட் இலவசம் அப்படியே இருக்கும், ஆனால் 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. அப்புறம் 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 501 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,048 ரூபாய் 40 காசு. ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. அதில் 8.40 மட்டும்தான் அந்த யூனிட்டுக்கு. மீதி 235, கீழே உருவிய படிக்கட்டுக்கு.

அதனால்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: பில்லில் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் யூனிட்டைப் பாருங்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-ஆம் நாள் மீட்டரைப் போய்ப் பார்த்தால், 370-ல் இருக்கிறீர்களா 380-ல் இருக்கிறீர்களா என்று தெரியும். மிச்சம் 15 நாளில் ஏசியைத் தினம் ஒரு மணி நேரம் குறைத்தாலே 500-க்கு இந்தப் பக்கம் நின்றுவிடலாம். ஏற்கெனவே 650-ல் நிற்கிறவர் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

செந்தில், திருநின்றவூர்: எங்கள் பகுதியில் ரீடிங் எடுக்க எட்டு நாள் லேட்டாக வந்தார்கள். 60 நாளில் 480 ஆகியிருக்கும், 68 நாளில் 544 ஆகிவிட்டது. 730 ரூபாய் போச்சு. யாரைக் கேட்பது?

கோபம் நியாயம், கணக்கு முழுசாக இல்லை. 480-க்கு 1,679, 544-க்கு 2,410, வித்தியாசம் 731 என்பது வரை சரி. ஆனால் அடுத்த தடவை சரியான தேதிக்கு வந்தால் உங்களுக்கு 52 நாள்தான். அதே வேகத்தில் ஓடினால் 416 யூனிட், 1,276 ரூபாய். நான்கு மாதத்தையும் சேர்த்தால் 3,686. ஒழுங்காக வந்திருந்தால் 3,358. உண்மையான நஷ்டம் 328 ரூபாய். அதையும் ஏன் விட வேண்டும்? 60-ஆம் நாள் மீட்டரைத் தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். வெள்ளை அட்டை இருக்கிறதா? அதில் ரீடிங்கும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பாதி வீட்டில் அட்டை பீரோவுக்குள் தூங்குகிறது.

இன்னொன்று: போட்டோ எடுக்கும்போது கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று திரையில் இருக்க வேண்டும். எண்கள் மாறி மாறி வரும். போன வாரம் ஒருவர் எனக்கு அனுப்பியது மீட்டரில் ஓடிய மணி.

ரேவதி, தாம்பரம்: ஊருக்குப் போய் 20 நாள் வீடு பூட்டியிருந்தது. அப்படியும் 310 யூனிட்.

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போனீர்களா? அணைத்தும் 310 என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மெயினை ஆஃப் செய்துவிட்டு மீட்டர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே 3200 போல ஒரு எண் எழுதியிருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட். மெயின் ஆஃப், அப்படியும் மினுக்குகிறது என்றால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ கரண்ட் போகிறது.

நான் பார்த்த ஒரு வீட்டில் இப்படித்தான் மினுக்கியது. ஒரு மணி நேரம் தேடினோம். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அந்த அம்மா மீட்டரில் கோத்திருந்தது. மூன்று வருடமாக நான்கு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றியது அவர் காசு. மோட்டார் அடிக்கடி ஓடினதற்குக் காரணம் மேல் வீட்டு ஃப்ளஷ் டேங்க் ஒழுகல். கரண்ட் பில் என்று தேடிப்போய் ஒரு வாஷரில் முடிந்தது.

பிரகாஷ், ஓசூர்: பில் திடீரென்று டபுள் ஆகிவிட்டது, ஏன்?

கவிதாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். யூனிட் எத்தனை என்று சொல்லாமல் என்னைக் கேட்டு என்ன பயன்?

மணி, வேளச்சேரி: ஐயா, வாடகை வீடு. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே சர்வீஸ் (மின் இணைப்பு). இது சரியா?

மூன்று வீடும் ஆளுக்கு 250 யூனிட் என்று வையுங்கள். ஒரே சர்வீஸில் 750. பில் 4,298 ரூபாய் வரும். யூனிட்டுக்குச் சராசரி 5.73. உங்கள் மூவரிடமும் 9 ரூபாய் வாங்கினால் 6,750. மிச்சம் 2,452 ரூபாய் யார் பையில்?

ஒரு வீட்டு உரிமையாளர், வேளச்சேரி: சார், நீங்கள் ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள். எனக்கு 600-க்கு மேல் 9.45 போடுகிறார்கள். நான் 9 வாங்குவது குறைவுதான். மோட்டார், படி விளக்கு எல்லாம் என் தலையில்.

கடைசி யூனிட்டின் விலையை எல்லா யூனிட்டுக்கும் வாங்குகிறீர்கள், ஐயா. முதல் 100 யூனிட் இலவசம் யாருக்குப் போனது? 4.70-க்கு வந்த 300 யூனிட் யாருக்குப் போனது? மோட்டாருக்குச் சேர்த்து வாங்குங்கள், தப்பில்லை. மோட்டாருக்கு என்று ஒரு சப் மீட்டர் போட்டு, வந்ததை மூன்றாகப் பிரித்து, காகிதத்தில் காட்டி வாங்குங்கள்.

அதே உரிமையாளர்: மூன்று பேருக்கும் தனி சர்வீஸ் எடுத்துக் கொடுக்க நான் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறேன்? டெபாசிட், வயரிங் செலவு எல்லாம் யார் கொடுப்பார்கள்?

மணி: அட்வான்ஸ் என்று ஆறு மாத வாடகை வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதன் வட்டி எங்கே போகிறது அண்ணே?

ஜெயந்தி, குரோம்பேட்டை: எங்கள் ஓனர் 10 ரூபாய். கேட்டால் காலி பண்ணு என்கிறார்.

இன்னொரு உரிமையாளர், ஆவடி: வாடகைக்காரர் பில்லைக் கட்டாமல் ஓடினால் பியூஸ் பிடுங்குவது என் வீட்டில்தான். அதையும் யோசியுங்கள்.

எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். 250 யூனிட் தனி சர்வீஸில் ஓடினால் பில் 470 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 1,410. இப்போது ஒரே சர்வீஸில் 4,298. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 2,888 ரூபாய் யாருக்கும் பயனில்லாமல் போகிறது, ஓனருக்கும் இல்லை, குடியிருப்பவருக்கும் இல்லை. வருடத்துக்கு 17,000 ரூபாய்க்கு மேல். தனி சர்வீஸ் எடுத்துவிட்டு, செலவை ஈடுகட்ட வாடகையில் 200 ரூபாய் கூட்டிக் கேளுங்கள். யூனிட்டுக்கு 9 கொடுத்துக்கொண்டிருப்பவர் மறுப்பாரா?

ஒரு எச்சரிக்கை. தனிக் குடித்தனம், தனிச் சமையலறை என்று நேரில் வந்து பார்ப்பார்கள். ஒரே குடும்பம் மாடிக்கும் கீழுக்கும் இரண்டு சர்வீஸ் வைத்து 200 யூனிட் இலவசம் அனுபவிக்கலாம் என்று இதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கண்டுபிடித்தால் சேர்த்துவிடுவார்கள்.

தினேஷ், சேலம்: பிளக்கில் சொருகும் பவர் சேவர் வாங்கலாமா? பாதி பில் என்கிறார்கள்.

வேண்டாம். உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். வீட்டு பில் கேடபிள்யூஎச் கணக்கில்தான். அதை அந்தப் பெட்டி குறைக்காது. பச்சை விளக்கு எரிவதற்கும் உங்கள் கரண்ட்தான்.

ஷாஹுல், நாகர்கோவில்: "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று மெசேஜ்.

அழைக்காதீர்கள். மோசடி. அவர்கள் சொல்லும் செயலியை இறக்காதீர்கள், பத்து ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பில் பாக்கி உண்டா என்று அதிகாரபூர்வத் தளத்தில் உங்கள் இணைப்பு எண் போட்டு நீங்களே பாருங்கள்.

மாலதி, திருச்சி: என் சம்பளம் 28,000. கோடை பில் வரும்போது ஒவ்வொரு வருடமும் கடன் வாங்குகிறேன். எப்படித் திட்டமிடுவது?

போன வருடத்து ஆறு பில்லையும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். உதாரணத்துக்கு 560, 700, 2,400, 2,600, 1,200, 740. கூட்டினால் 8,200. பன்னிரண்டால் வகுத்தால் 683. மாதம் 700 ரூபாய் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். இது எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது: எப்போது ஆரம்பிப்பது. ஜனவரியில் ஆரம்பித்தால் மே மாத பில் வரும்போது டப்பாவில் போதுமான காசு இருக்காது, மனசு விட்டுப்போகும். ஆகஸ்டில் ஆரம்பியுங்கள். கையில் நிற்காது என்று பயமிருந்தால் இணைப்பிலேயே முன்பணமாகக் கட்டிவிடலாம், அடுத்த பில்லில் கழியும்.

பயன்பாடு கூடினால் கூடுதல் வைப்புத் தொகை கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். அதைத் தண்டம் என்று நினைத்து அழாதீர்கள். அது உங்கள் பணம், வட்டியும் உண்டு.

குறைக்க வேண்டுமென்றால் மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள். பழையது 75 வாட். நாளைக்கு 18 மணி நேரம், 60 நாள், 81 யூனிட். பிஎல்டிசி என்று கிடைப்பது 30 வாட் அளவில் ஓடும். 32 யூனிட். அதிகம் ஓடும் அறையில் மட்டும் ஒன்றை மாற்றுங்கள். விருந்தாளி அறையில் மாற்றி என்ன லாபம்?

கேஸுக்கு என் சமையலறை வழக்கம் ஒன்று: சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் வட்டம் போடுவோம். 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் செலவு எந்த மாதத்தில் விழும் என்று தெரியும்.

அருண், கோவை: ஏசி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட்?

ஸ்டார் லேபிளில் வருட யூனிட் போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 4, இரண்டு மாதத்துக்கு 240. கதவு சரியாக மூடாத அறையில் இந்தக் கணக்கு எடுபடாது.

லோகேஷ், மதுரை: தண்ணீர் வரி ஏன் கூடியது?

மாநகராட்சியில் கேளுங்கள். எனக்கு அது தெரியாத பாடம்.

பெயர் சொல்லாதவர்: பில் அதிகமாக வந்திருக்கிறது சார்.

யூனிட்?

அதே வேளச்சேரி உரிமையாளர்: சரி சார். தனி சர்வீஸுக்கு என்னென்ன பேப்பர்?

சொத்து வரி ரசீது, பத்திரம், ஆதார் எல்லாம் எடுத்து வையுங்கள். ஆனால் முதல் வேலை பேப்பர் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று வீட்டு வயரிங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) பிரிக்கச் சொல்லுங்கள், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். மோட்டார் எந்த மீட்டரில் என்று மணியையும் உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். பிரித்து முடித்ததும் வந்து கேளுங்கள், மீதியைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இப்போது மோட்டார் போடும் நேரம்.