ஜிம் நண்பர் போடும் பெப்டைட் ஊசி, எனக்கும் சரிப்படுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. முழங்கால் வலி, மாடி ஏறினால் தொடை சோர்ந்துவிடுகிறது. ஜிம்மில் கூட வருபவர் பிபிசி-157, இபாமொரெலின் என்று இரண்டு பெப்டைட் ஊசிகள் போட்டுக்கொள்கிறார். நானும் போடலாமா? கொலாஜன் பவுடராவது சாப்பிடலாமா?

பதில்: ஊசி வேண்டாம்.

பெப்டைட் என்றால் புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, அவ்வளவுதான். இன்சுலினும் பெப்டைட்தான், எலும்பு மெலிவுக்குத் தரும் டெரிபாரடைடும் அதுவே. இவை மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டவை. பிபிசி-157 அப்படியல்ல. அது காயம் ஆற்றுகிறது என்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் எலிகளில் கிடைத்தவை. இபாமொரெலின் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும். அந்த ஹார்மோன் கூடினால் வயதானவர்களுக்குத் தசை எடை கூடலாம். பலமும் கூடும் என்று நம்ப முடியாது. கால் வீக்கம், மூட்டுவலி, சர்க்கரை ஏற்றம் வரலாம். புற்றுநோய் வந்து போனவர்கள் இந்த ஊசியின் பக்கமே போகக்கூடாது.

நண்பரின் குப்பியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கலாம். உள்ளே 5 மில்லிகிராம் பொடி இருந்தால், 2 மில்லி நீர் விட்டுக் கலக்கும்போது, மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்சின் 10 யூனிட் கோட்டில் 250 மைக்ரோகிராம் வரும். கைதவறி 1 மில்லி விட்டுவிட்டால் அதே கோட்டில் 500. கூடவே வரும் '99 சதவீதம் தூய்மை' சான்றிதழ் பொடியைப் பற்றித்தான் பேசும். கிருமி நீக்கியதா என்பதற்கு அது பதிலில்லை.

கொலாஜன் பவுடரால் பெரிய கெடுதல் இல்லை. சிலருக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைகிறது. ஆனால் அதில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. அதனால் கொலாஜனைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் வயதில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிம்முக்குத்தான் போகிறீர்களே, அங்கே தொடைக்கு எடைப் பயிற்சி செய்கிறீர்களா? 1990இல் வெளியான ஓர் ஆய்வில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் எட்டு வாரம் அதைச் செய்யச் சேர்ந்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குத் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. எந்த ஊசிக்கும் இப்படியொரு கணக்கு நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி இருப்பதால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம், தொடைச் சோர்வை வயசு என்று தள்ளிவிடாதீர்கள். வைட்டமின் டி குறைவு, தைராய்டு, கொலஸ்ட்ரால் மாத்திரை, எதனாலும் வரலாம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.